பஞ்சர் ஒட்டியும் காற்று நிற்கவில்லை

கேள்வி: என் மகனின் சைக்கிள் பின்சக்கரத்துக்கு நானே பஞ்சர் ஒட்டினேன். மறுநாளே காற்று இறங்கிவிட்டது. என்ன காரணம்?
– வாசகி, பெரம்பூர், சென்னை.

பதில்: டியூபைக் கழற்றிச் சிறிது காற்றடித்து, வாளித் தண்ணீரில் பகுதி பகுதியாக அமிழ்த்திப் பாருங்கள். பழைய ஒட்டின் ஓரத்தில் குமிழி வந்தால், அவசரமே காரணமாக இருக்கும். உப்புத்தாளால் டியூபின் வழவழப்பு போகத் தேய்த்து, ஈரமும் தூசியும் இல்லாமல் துடைத்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவியபின், அது விரலில் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை சுமார் 5 நிமிடம் பொறுத்திருந்துதான் பேட்சை வைத்து அழுத்த வேண்டும். இந்தக் காத்திருப்பைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்.

வேறிடத்தில் குமிழி வந்தால், டயரின் உட்புறத்தைப் பழைய துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத முள்ளோ கண்ணாடித் துகளோ இருந்தால் துணி அதில் மாட்டிக்கொள்ளும், விரலும் கிழியாது. அதை எடுக்காமல் எத்தனை முறை ஒட்டினாலும் பயனில்லை. ஓட்டை ரிம்மைப் பார்த்த பக்கம் இருந்தால், ரிம் நாடா விலகி ஸ்போக் முனை குத்துகிறதா என்று பாருங்கள். அருகருகே இரண்டு ஓட்டைகள் இருந்தால், காற்றுக் குறைவாக இருந்தபோது சக்கரம் பள்ளத்தில் இறங்கி டியூப் நசுங்கியிருக்கிறது என்று பொருள்.

டியூபில் எங்குமே குமிழி இல்லையென்றால் வால்வை நனைத்துப் பாருங்கள். பழைய பாணி வால்வாக இருந்தால், அதன் மேல் மாட்டியிருக்கும் சிறு ரப்பர் குழாயான வால் டியூபை மாற்றினாலே போதும். டயரை மீண்டும் மாட்டும்போது ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள். டியூபில் சிறிது காற்றடித்துக்கொண்டு, கட்டைவிரல்களாலேயே தள்ளி ஏற்றுங்கள்.