சளி பிடித்தால் இன்ஹேலரை நிறுத்தலாமா?

கேள்வி: இழுப்பு உள்ள என் 8 வயது மகன் ஓராண்டாகத் தினமும் 200 மைக்ரோகிராம் பியூடெசோனைடு இன்ஹேலர் எடுக்கிறான். போன மாதம் சளி, காய்ச்சல் வந்தபோது, "அது ஸ்டீராய்டு, எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும்" என்று நாத்தனார் சொன்னதால் நிறுத்தினேன். மூன்றாம் நாள் இரவே ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தது. அங்கேயும் ஸ்டீராய்டு மாத்திரைதான் கொடுத்தார்கள்! மீதி மாத்திரையை அடுத்த சளிக்கு வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: உங்கள் பயம் புரிகிறது அம்மா. ஆனாலும் இன்ஹேலரை நிறுத்தியிருக்கக் கூடாது. ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சுக்குழாய், இழுப்பு இல்லாத நாளிலும் உள்ளே லேசாக வீங்கியே இருக்கும். அதை அடக்கி வைப்பதுதான் இன்ஹேலரின் வேலை. குழந்தைகளுக்கு இழுப்பு கிளம்புவது பெரும்பாலும் சளி வைரஸால்தான். அதில் முதலிடம் ரைனோ வைரஸுக்கு. அந்த நேரத்தில் மருந்தை நிறுத்துவது, மழை தொடங்கும்போது கூரை ஓட்டைப் பிரிப்பது போல.

ஆஸ்பத்திரியில் கொடுத்தது பிரெட்னிசோலோன் 20 மில்லிகிராம் என்றால், எடையில் அது இன்ஹேலர் அளவைப்போல் நூறு மடங்கு. இரண்டும் வேறு மருந்துகள், வீரியமும் வேறு. ஆனாலும் ஊதும் மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போவதால் உடம்பில் கலப்பது குறைவு. மாத்திரை உடம்பு முழுக்கப் பரவும். கடும் இழுப்புக்கு மூன்று முதல் ஐந்து நாள் அது தேவை. வெறும் சளிக்குத் தேவையில்லை. வைரஸை ஸ்டீராய்டு கொல்லாது. 2020இல் பிரிட்டனில் நடந்த 'ரிகவரி' ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்பட்ட கோவிட் நோயாளிகள் பலரை டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு காப்பாற்றியது; ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் தரவில்லை. எனவே மீதி மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

இன்னொன்றையும் பாருங்கள். அண்மையில் ஒரு சிறுவனை என் எதிரில் ஊதிக் காட்டச் சொன்னேன். அழுத்திய நொடியில் வெள்ளைப் புகை உதட்டோரமாக வெளியே வந்தது. அத்தனை மாத மருந்தும் காற்றோடு போயிருக்கிறது! உங்கள் மகனுக்கு ஸ்பேசர் (இன்ஹேலர் முனையில் பொருத்தும் குழல்) மாட்டி, ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஐந்தாறு முறை நிதானமாக மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். பிறகு வாய் கொப்பளித்துத் துப்பட்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

அடுத்த சளியில், இழுப்பை உடனே தணிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் கொடுத்தும் நான்கு மணி நேரம் தாங்கவில்லை, ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியவில்லை, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிகிறது – இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.