காலையில் பறந்த பைக் மதியத்தில் ஏன் தட்டுகிறது?

பெங்களூரு ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, என் 1340 சிசி ஹயபூசா பைக் டிராக் ஓட்டத்துக்கு மட்டும்தான். நைட்ரஸ் வெட் கிட் (பாட்டிலிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடையும் கூடவே கூடுதல் பெட்ரோலையும் எஞ்சினுக்குள் தெளிக்கும் அமைப்பு) போட்டிருக்கிறேன். காலை ஆறரைக்கு ஓட்டினால் கறுப்புப் புகை, இழுவை மந்தம். அதில் பெட்ரோல் ஜெட்டை (எவ்வளவு போகும் என்று தீர்மானிக்கும் சிறு துளை) ஒரு சைஸ் குறைத்தேன், பறந்தது. மதியம் அதே ஜெட்டில் மூன்றாவது கியரில் தட்டுகிறது. டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரம்) குறைக்கவா, நைட்ரஸ் ஜெட்டைக் குறைக்கவா?"

தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நாலு பிளக்கையும் கழற்றுங்கள். வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்து வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். மிளகுப்பொடி தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் எஞ்சின் தட்டியிருக்கிறது, அதாவது உள்ளே கலவை சீராக எரியாமல் தாறுமாறாக வெடித்திருக்கிறது. புள்ளிகள் வெள்ளியாக மினுங்கினால் அது பிஸ்டனின் அலுமினியம். ஹெட்டைத் திறந்து பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். என் மேசையில் பேப்பர் வெயிட்டாக ஒரு பிஸ்டன் இருக்கிறது. நடுவில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. அது விழ ஒரே ஓட்டம் போதுமானதாக இருந்தது.

கோளாறு ஜெட்டில் இல்லை, பாட்டிலில். உள்ளே இருக்கும் திரவ நைட்ரஸின் பிரஷர் முழுக்க அதன் சூட்டைப் பொறுத்தது. 20 டிகிரியில் சுமார் 730 பிஎஸ்ஐ (பிரஷரின் அலகு). 30 டிகிரியில் 900ஐத் தாண்டும். பெட்ரோல் பம்ப் மட்டும் காலையிலும் மதியத்திலும் ஒரே அளவுதான் தள்ளும். குளிர்ந்த பாட்டிலில் நைட்ரஸ் குறைவாக வந்ததால்தான் காலையில் ரிச்சாக (பெட்ரோல் மிஞ்சி) ஓடி, கறுப்புப் புகை விட்டது. அதைப் பார்த்து நீங்கள் பெட்ரோலைக் குறைத்தீர்கள். வெயிலில் பாட்டில் சூடானதும் நைட்ரஸ் கூடியது, பெட்ரோல் கூடவில்லை. லீனாகி (பெட்ரோல் போதாமல்), தட்ட ஆரம்பித்துவிட்டது.

அதனால் பழைய பெட்ரோல் ஜெட்டையே திரும்பப் போடுங்கள். பாட்டிலில் கேஜ் வைத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 900 முதல் 950 பிஎஸ்ஐக்குள் நிறுத்துங்கள். காலையில் தானாக நின்றுவிடும் பாட்டில் ஹீட்டர், மதியத்தில் ஈரத்துணியும் நிழலும். நெருப்பு, ஹீட் கன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஓடி முடித்ததும் பாட்டில் சில்லிட்டுப் பனி பூத்திருக்கும். கேஜ் திரும்ப ஏறும்வரை அடுத்த ஓட்டத்துக்குப் போகாதீர்கள். இதில் அவசரப்பட்டவர்கள்தான் அதிகம் எஞ்சின் இழந்திருக்கிறார்கள்.

இதே பைக்கைச் சென்னை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோனால் இன்னும் கவனம் வேண்டும். பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில் இருக்கிறது. தாழ்வான சென்னையில் காற்று அடர்த்தி கூடும், வெயிலும் கூடும். பாட்டில் 36.4 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்ற ஒன்றே இருக்காது. அதன்பிறகு எந்த ஜெட் கணக்கும் நிற்காது.

பாட்டில் பிரஷரைப் பிடித்த பிறகும் தட்டினால், அப்போது பெட்ரோல் பிரஷரைப் பாருங்கள். எஞ்சின் சும்மா நிற்கும்போது பார்த்துப் பயனில்லை. பெட்ரோல் சொலினாய்டு (மின்சாரத்தில் திறக்கும் வால்வு) திறந்து ஓடும்போது விழுகிறதா என்று அளக்க வேண்டும். அது சரியாக இருந்தால்தான் டைமிங். முதலில் இரண்டு டிகிரி பின்னுக்கு இழுத்துப் பீங்கானைப் படியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு படி கோல்டான (சூட்டைச் சீக்கிரம் கடத்தும்) பிளக் போட்டு மறுபடி படியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எது தீர்த்தது என்று தெரியாமல் போகும்.

ரெவ் லிமிட்டர் (எஞ்சின் சுழலும் வேகம் எல்லை மீறாமல் தடுப்பது) தொடுவதற்கு முன்பே நைட்ரஸ் நிற்கும்படி கன்ட்ரோலரில் வைத்திருக்கிறீர்களா? லிமிட்டர் எஞ்சினுக்குப் பெட்ரோல் தரும் இன்ஜெக்டரை வெட்டும் நொடியிலும் நைட்ரஸ் உள்ளே போய்க்கொண்டிருந்தால், மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் பிஸ்டன் போய்விடும். அடுத்த முறை எழுதும்போது அந்த ஆர்பிஎம் எண்ணையும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் கேஜ் காட்டிய பிரஷரையும் குறித்து அனுப்புங்கள்.