பயோடீசல் அளக்கும் சென்சார் வாங்கலாமா?

கேள்வி: பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போனாலே டீசல் ஃபில்டர் அடைத்துக்கொள்கிறது. டீசலில் பயோடீசல் (தாவர எண்ணெய், கொழுப்பிலிருந்து தயாரிக்கும் எரிபொருள்) அதிகமாகக் கலக்கிறார்கள் என்று கரையில் பேச்சு. டேங்கில் முக்கினால் எத்தனை சதவீதம் என்று காட்டும் சென்சாரை ஒருவர் விற்கிறார். வாங்கலாமா ஐயா?

பதில்: விலையை எழுதாமல் விட்டுவிட்டீர்களே! எவ்வளவாக இருந்தாலும் வேண்டாம்.

இப்படி முக்கிப் பார்க்கும் கருவிகள் பெரும்பாலும் எண்ணெயின் டைஎலக்ட்ரிக் அளவைத்தான் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்க ஒரு பொருள் எவ்வளவு உதவும் என்ற எண்) பார்க்கின்றன. டீசலுக்கு அது சுமார் 2.2, பயோடீசலுக்கு 3.2-க்குச் சற்று மேல். இடையில் எங்கே நிற்கிறது என்பதை வைத்துச் சதவீதம் சொல்லும். சுத்தமான மாதிரியில் சரியாகவே காட்டும். ஆனால் தண்ணீருக்கு அதே அளவு 80! டேங்கில் கொஞ்சம் தண்ணீர் கலங்கியிருந்தால்கூடப் பயோடீசல் எகிறிவிட்டதாகக் காட்டும். படகு டேங்கில் தண்ணீர் இல்லாமல் இருக்குமா, நீங்களே சொல்லுங்கள். பதப்படுத்தாத பழைய சமையல் எண்ணெயைக் கலந்திருந்தாலும் இதற்கு வித்தியாசம் தெரியாது. ஆய்வகங்களில் பயன்படும் அகச்சிவப்புக் கருவி தண்ணீரில் இவ்வளவு ஏமாறாது, ஆனால் அது துறைமுகத்தில் வைத்துப் பார்க்கிற சாமான் இல்லை.

இன்னொன்று. டீசலுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1460-இன்படி சாதாரண டீசலிலேயே 7 சதவீதம் வரை பயோடீசல் இருக்கலாம். கருவி 5 என்று காட்டினால் யாரிடம் போய்ச் சண்டை போடுவீர்கள்?

சரி, ஃபில்டர் ஏன் அடைக்கிறது? பயோடீசல் ஈரத்தை இழுக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு சும்மா நிற்கும்போது தண்ணீர் அடியில் தங்குகிறது. தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து வழவழப்பான கசடாகிறது. பழைய டேங்கில் ஒட்டியிருந்த அழுக்கையும் பயோடீசல் கரைத்துக் கிளப்பிவிடும். ஆக, அந்தக் காசில் டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டர் போடுங்கள். தடைக்காலம் முடிந்து எஞ்சினைக் கிளப்பும் முன் டேங்கின் அடி வடிகாலைத் திறந்து, தெளிந்த டீசல் வரும்வரை ஒரு வாளியில் வடித்துவிடுங்கள்.

பங்க்கின் மேல் சந்தேகம் இருந்தால் அடர்த்தியைக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. மண்ணெண்ணெய் கலப்புக்கு அது உதவும். 7 சதவீதப் பயோடீசலை அது காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் அடர்த்தி கனமீட்டருக்கு 3 கிலோ அளவுக்குத்தான் மாறும். பில்லை வாங்கி வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.