பால் மரம் முதல் செம்பனை வரை: கேட்டதும் சொன்னதும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பலர் தோட்டத் தொழில் வரலாறு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

ஐயா, ரப்பர் விதை வந்து ரொம்ப நாள் யாரும் நடவே இல்லையாமே, ஏன்? (படிவம் ஐந்து மாணவி)

உண்மைதான், பாப்பா. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதில் முளைத்த கன்றுகளில் 22 அடுத்த வருஷம் சிங்கப்பூர் வந்தன, அவற்றில் சில நம் பக்கத்துக் கோல கங்சாருக்கும் வந்தன. ஆனால் துரைமார்களுக்கு அப்போது காப்பிதான் பணம். 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, விதைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் நடச்சொல்லிக் கெஞ்சினார், 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டம்தான் கிடைத்தது. அவர் செய்த பெரிய காரியம் இன்னொன்று. அமேசானில் மரத்தைக் கோடாலியால் கொத்திப் பால் எடுத்தார்கள். இவரோ பட்டையை மெல்லிசாகச் சீவி, உள்ளே இருக்கும் உயிர்ப்பகுதியில் கத்தி படாமல், அடுத்த முறை அதே வெட்டின் கீழ் விளிம்பில் இன்னும் ஒரு சீவல் எடுக்கலாம் என்று காட்டினார். பட்டை திரும்ப வளரும், மரமும் சாகாது. நம் பாட்டிமார் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு செய்த வேலை அதுதான். அப்புறம் காப்பி விலை விழுந்தது, 1896-இல் மலாக்காவில் டான் சே யான் துணிந்து நட்டார், மற்றவர்கள் பின்னால் ஓடிவந்தார்கள்.

கார் செய்த ஃபோர்டு ரப்பர் தோட்டம் போட்டு நஷ்டப்பட்டாராமே? (சாப்பாட்டுக் கடை நடத்தும் அண்ணன்)

அண்ணே, எனக்கு மிகவும் பிடித்த கதை இது. டயருக்கான ரப்பரைத் தாமே விளைவிக்க நினைத்து, 1928-இல் அதே தபாஜோஸ் கரையில் 'ஃபோர்ட்லாண்டியா' என்ற ஊரையே ஹென்றி ஃபோர்டு கட்டினார். பிறகு ஒருமுறைகூட அங்கே போய்ப் பார்க்கவில்லை. அமெரிக்கச் சாப்பாடு, அமெரிக்க நேரக் கணக்கு, மது கூடாது என்று கட்டளை போனது, 1930-இல் சாப்பாட்டுக் கூடத்தில் தொடங்கிய கலவரத்தில் மேலாளர்கள் ஆற்றுக்கு ஓடினார்கள். அதைவிடப் பெரிய அடி மரத்திடம் கிடைத்தது. காட்டில் ரப்பர் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும், இவர்கள் நெருக்கி நட்டதால் இலைக்கருகல் நோய் வரிசை வரிசையாகப் பரவியது. அந்த நோய் கடல் தாண்டி வராததால்தான் இங்கே நெருக்கி நட்டும் பிழைத்தோம். 1945-இல் ஏறக்குறைய 2 கோடி டாலர் நஷ்டத்தோடு இடத்தைப் பிரேசில் அரசிடமே கொடுத்தார்கள். மரத்தைத் தெரிந்த ஒருவரை முதலிலேயே பக்கத்தில் வைத்துக் கேட்டிருந்தால் பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும் என்பது என் கருத்து.

அம்மா செம்பனை (எண்ணெய்ப் பனை) பூவுக்கு மகரந்தப் பொடி தூவும் வேலை செய்தாராம். அது ஏன் நின்றது? (கிள்ளானிலிருந்து ஒரு தம்பி)

ஒரு வண்டினால், தம்பி. ஆப்பிரிக்காவில் செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது காற்று இல்லை, ஒரு சின்ன வண்டு என்று ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் கண்டுபிடித்தார். 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து இங்கே விட்டார்கள். காய்ப்பிடிப்பு கூடியது, கையால் தூவும் செலவு நின்றது. அந்தக் கூலியை நம்பியிருந்த பெண்கள் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று, லாபக் கணக்கு எழுதுகிறவர்கள் இதை எழுதுவதே இல்லை.

கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியை ஒரே காலையில் வாங்கினார்களாமே?

ஆமாம், 7 செப்டம்பர் 1981, லண்டன் பங்குச் சந்தை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கம்பெனி மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் கைக்கு வந்துவிட்டது.

தாத்தாவின் பெட்டியில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கப் பத்திரம் கிடைத்தது. மதிப்பு உண்டா? (இரண்டு அக்காமார்)

தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அக்கா. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள், லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) ஜனங்கள் வீதிக்கு வந்தார்கள். அப்போது 1960-இல் அமைச்சராக இருந்த நம் சுங்கை சிப்புட் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி (அன்றைய நாட்டுப் பணம்) கட்டி 100 வெள்ளிப் பங்கு எடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். அன்றைய கூலிக்குப் பத்து வெள்ளி சாதாரணமில்லை. வாங்கியும் காட்டினார்கள். இந்த நாட்டு வியாபார வரலாற்றில் இதற்கு மேல் ஒன்றை நான் வைக்கமாட்டேன். சங்கம் இன்னும் கோலாலம்பூரில் இருக்கிறது. பத்திரம், தாத்தாவின் இறப்புப் பத்திரம், உங்கள் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போய் வாரிசு விவரம் கேளுங்கள்.