பெயர் பதியாத வாக்குகள்

அன்புள்ள ஐயா,

வணக்கமுங்க. காங்கேயம் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். போன வாரம் எங்கள் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் எம்.பி.க்களின் மதிப்பெண் அட்டை ஒன்று வந்தது. வருகை இத்தனை சதவீதம், கேட்ட கேள்விகள் இத்தனை என்று போட்டிருந்தார்கள். எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. பாமாயில் இறக்குமதி வரியைக் குறைத்தபோது நம் எம்.பி. ஆதரித்தாரா, எதிர்த்தாரா என்று பார்க்க வழி உண்டுங்களா? கொப்பரை விலை, பாமாயில் வரி, ரேஷன் கடையில் தேங்காய் எண்ணெய் மூன்றையும் சேர்த்துத் திருப்பூர் எம்.பி.க்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

கே., காங்கேயம்

அன்புள்ள கே.,

நல்லவேளை, கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. காங்கேயம் திருப்பூர் மாவட்டம்தான், ஆனால் நாடாளுமன்றத்துக்கு ஈரோடு தொகுதி. தொகுதிக் கோடுகளை 2008-இல் போட்டு முடித்துவிட்டார்கள். திருப்பூர் மாவட்டம் உருவானது 2009-இல். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. உங்கள் மாவட்டத்தின் எட்டுச் சட்டமன்றத் தொகுதிகள் ஐந்து எம்.பி.க்களிடம் சிதறிக் கிடக்கின்றன. காங்கேயமும் தாராபுரமும் ஈரோட்டில், அவிநாசி நீலகிரியில், பல்லடம் கோவையில், உடுமலையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சியில். திருப்பூர் வடக்கும் தெற்கும் மட்டுமே திருப்பூரில். அந்தத் தொகுதியின் மிச்சத்தைப் பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபி என்று ஈரோடு மாவட்டத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். அவிநாசிக்காரரின் மனு நீலகிரி எம்.பி.க்குப் போகவேண்டியது என்று சொன்னால் அவிநாசியிலேயே பாதிப்பேர் நம்பமாட்டார்கள்.

இனி வாக்கு. பாமாயில் வரியைப் பற்றி எந்த எம்.பி.யும் ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களிக்கவில்லை. கச்சா பாமாயில் மீதான மொத்த வரியை 2024 செப்டம்பரில் 5.5-இலிருந்து 27.5 சதவீதமாக ஏற்றியதும், 2025 மே கடைசியில் 16.5-ஆக இறக்கியதும் நிதியமைச்சகத்தின் அறிவிக்கைகள். சுங்கச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அந்த அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்திருக்கிறது. அறிவிக்கையைப் பிறகு அவையின் மேஜையில் வைப்பார்கள், அவ்வளவுதான். கொப்பரையின் குறைந்தபட்ச ஆதரவு விலையும் மத்திய அமைச்சரவை முடிவு செய்வது. 2025 பருவத்துக்கு அரவைக் கொப்பரை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய் என்று அறிவித்ததும் அப்படித்தான். ஆக, தென்னைக்காரரைத் தொடுகிற இரண்டு பெரிய முடிவுகளிலும் வாக்கெடுப்பே கிடையாது.

வாக்கெடுப்புக்கு வருகிற மசோதாக்களிலும் பெரும்பாலானவற்றில் பெயர் பதியாது. சபாநாயகர் ஆதரிப்போரை ஆம் என்றும் எதிர்ப்போரை இல்லை என்றும் சொல்லச் சொல்வார், சத்தத்தைக் கேட்டு முடிவை அறிவிப்பார். இது குரல் வாக்கெடுப்பு. வேளாண் சட்டங்கள் 2020 செப்டம்பரில் மக்களவையில் நிறைவேறியதும் இப்படித்தான், 2021 நவம்பர் 29 அன்று திரும்பப் பெற்றதும் இப்படித்தான். இந்தியாவே ஓராண்டுக்கும் மேல் பேசிய சட்டங்கள். யார் எந்தப் பக்கம் என்று ஒரு பெயர்கூட ஏட்டில் ஏறவில்லை.

முடிவை ஏற்காமல் யாராவது டிவிஷன், அதாவது எண்ணி எடுக்கிற வாக்கெடுப்பு, கேட்டால்தான் கதை மாறும். அவையை ஒட்டிய கூடமான லாபி காலியாக்கப்படும், மணி மூன்றரை நிமிடம் ஒலிக்கும், கதவுகளைச் சாத்துவார்கள், உறுப்பினர்கள் பொத்தானை அழுத்துவார்கள். ஆதரவு, எதிர்ப்பு, விலகல் என்று மூன்று உண்டு. பொத்தான் வேலை செய்யாதவர்களும் மாற்றி அழுத்தியவர்களும் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அதனால்தான் அறிவிக்கிற எண்ணிக்கை திருத்தத்துக்கு உட்பட்டது என்று சபாநாயகர் சேர்த்துச் சொல்கிறார். டிவிஷன் வீணாகக் கேட்கப்படுகிறது என்று அவருக்குப் பட்டால், எழுந்து நிற்கச் சொல்லித் தலையை மட்டும் எண்ணலாம். அப்போதும் பெயர் பதிவாகாது. பெயர்ப் பட்டியல் உறுதியாகக் கிடைப்பது அரசியலமைப்புத் திருத்தங்களில்தான். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கை எண்ணிக் காட்டாமல் அவற்றை நிறைவேற்ற முடியாது. 2023 செப்டம்பர் 20 அன்று மகளிர் இடஒதுக்கீட்டுக்கு 454-க்கு 2 என்று வந்தது அந்த வகை. சாதாரண மசோதாவில் எதிர்க்கட்சி விடாப்பிடியாக நின்றால், வக்பு திருத்தத்துக்கு 2025 ஏப்ரலில் வந்த 288-க்கு 232 போல ஒரு பட்டியல் கிடைக்கும்.

அந்தப் பட்டியலைத் தேடுவது கடினமல்ல. மசோதா மக்களவையில் நிறைவேறிய தேதியைக் கண்டுபிடியுங்கள். நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் மக்களவைப் பக்கத்தின் விவாதங்களுக்குள் போய் அந்த நாளின் முழு உரையைத் திறந்து, ‘டிவிஷன்’ (Division) என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். தேதியில் ஒரு சங்கடம் உண்டு: விவாதம் நள்ளிரவைத் தாண்டினாலும் உரை முந்தைய நாள் அமர்வின் கீழேயே இருக்கும். வக்பு மசோதா அப்படித்தான், ஏப்ரல் 2-இல் தேடவேண்டும். பெயரை முழுதாக அடிக்காதீர்கள். இனிஷியலை முன்னே பின்னே போட்டிருப்பார்கள், எழுத்துக்கூட்டும் ஆளுக்கு ஆள் மாறும். பெயரின் ஒரு துண்டு போதும். ஒரே மசோதாவில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனி டிவிஷன் நடந்திருக்கலாம். முதலில் கண்ணில் படுகிற பட்டியலை மசோதாவின் மீதான வாக்கு என்று எடுத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள், பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான்.

பட்டியலில் பெயர் இல்லாததும் ஒரு செய்திதான். ஜிஎஸ்டிக்கான அரசியலமைப்புத் திருத்தம் மாநிலங்களவையின் மாற்றங்களோடு மறுபடி மக்களவைக்கு வந்தது 2016 ஆகஸ்ட் 8. ஆதரவு 443, எதிர்ப்பு பூஜ்யம். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, நீலகிரி ஐந்தும் அப்போது அதிமுக வசம். உற்பத்தி மாநிலத்துக்கு வருவாய் இழப்பு என்று சொல்லி அந்தக் கட்சி வெளிநடப்பு செய்தது. பனியனும் பம்பும் நூலும் செய்கிற இந்த வட்டாரத்தின் கருத்து அன்றைய எண்ணிக்கையில் எந்தப் பக்கமும் இல்லை. காரணத்தை அதே நாளின் விவாத உரையில் வெளிநடப்புக்கு முன் பேசியதைப் படித்தால்தான் தெரியும்.

இன்னொன்று, கொறடா உத்தரவு. கட்சி உத்தரவை மீறி வாக்களித்தாலோ விலகி நின்றாலோ, பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவியே போகலாம். 1985-இல் அரசியலமைப்பில் சேர்ந்த கட்சித்தாவல் தடை, பத்தாவது அட்டவணை, அது. ஆகவே பதிவான வாக்கைக் கண்டுபிடித்தாலும் அதில் தெரிவது பெரும்பாலும் கட்சியின் முகம். உங்கள் எம்.பி.யைத் தெரிந்துகொள்ள அவர் கேட்ட கேள்விகளின் வாசகத்தைத்தான் படிக்கவேண்டும் என்பது என் கருத்து.

வாசகத்தை என்கிறேன், எண்ணிக்கையை அல்ல. கேள்விகள் குலுக்கலில்தான் இடம்பிடிக்கின்றன. ஒரு நாளுக்கு அவையில் வாய்மொழியாகப் பதில் வருகிற நட்சத்திரக் கேள்வி 20, எழுத்துப் பதிலுக்கு 230. ஒரே கேள்வியை நாலைந்து பேர் கொடுத்தால் எல்லார் பெயரையும் சேர்த்துப் போட்டு எல்லார் கணக்கிலும் ஒன்று ஏற்றுவார்கள். வருகை என்பது பதிவேட்டில் கையெழுத்து, எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்பதல்ல. அமைச்சர்களுக்கும் எதிர்க்கட்சித் தலைவருக்கும் அந்தக் கையெழுத்தும் இல்லை. அட்டையில் அவர்களுக்குக் கோடு போட்டிருந்தால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் நான்கு பக்கத்துக்கு வருவோம். அதை யாரும் படிக்கப் போவதில்லை. மூன்றாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் ஒரு பக்கம். ‘ஆவன செய்யவும்’ என்று முடிக்காமல், எம்.பி. என்ன செய்யவேண்டும் என்று எழுதுங்கள். பாமாயில் வரிக்கு நிதியமைச்சரிடம் ஒரு கேள்வி. அதை நீங்களே 150 சொல்லுக்குள் எழுதி இணைத்துவிடுங்கள், விதியின் வரம்பு அதுதான்: வரிக் குறைப்புக்குப் பின் மாதவாரியாக இறக்குமதி எவ்வளவு, கொப்பரை விலையில் அதன் பாதிப்பை அரசு ஆராய்ந்ததா, ஆராய்ந்திருந்தால் முடிவு என்ன. கேள்வி அறிவிப்புக்குப் பதினைந்து முழு நாள் அவகாசம் வேண்டும். மழைக்காலத் தொடர் ஜூலையில் கூடினால் உங்கள் கடிதம் ஜூன் முடிவதற்குள் ஈரோட்டில் இருக்கவேண்டும். கூட்டத்தொடர் நடக்கும்போது அனுப்புகிற கடிதம் பெரும்பாலும் அடுத்த தொடருக்குத்தான் ஆகும்.

கொப்பரைக் கொள்முதலுக்கு, எம்.பி. ஒரு பிரச்சினையை அவையில் எழுப்ப வழிசெய்கிற மக்களவை விதி 377 பொருத்தம். 250 சொல்லுக்குள் ஒரு வாசகம், அமைச்சகம் எம்.பி.க்கு எழுத்தில் பதில் தரும். காங்கேயம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே போன நாட்களைத் தேதியோடு சேருங்கள். சந்தை விலை மேலே நிற்கும் பருவத்தில் இதை எழுதினால் ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள். ஆதரவு விலைக் கொள்முதலுக்கு மாநில அரசின் கோரிக்கையும் தேவை, அதனால் நகல் ஒன்று வேளாண் துறைக்கும் போகட்டும். எம்.பி. அமைச்சருக்கு எழுதினால் பதினைந்து நாளில் ஒப்புகை, அடுத்த பதினைந்து நாளில் பதில் என்பது மத்திய அலுவலக நடைமுறை. அந்தப் பதிலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பலர் கேட்பதே இல்லை.

ரேஷன் கடைப் பக்கத்தை மட்டும் தனியே எடுத்துவிடுங்கள். பாமாயில் பாக்கெட்டை 25 ரூபாய்க்குத் தருவது மாநிலத்தின் திட்டம். அது போகவேண்டியது காங்கேயம் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு.