டர்பன் கடலோர நடைபாதைக்கு எல்லோரும் எளிதாக வந்துபோக என்ன செய்யலாம்?

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் இருப்பவன். அதனால் இந்தக் கேள்விக்கு என் பதில் கடற்கரையிலிருந்து தொடங்காது, எங்கள் வீட்டு வாசலிலிருந்துதான் தொடங்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பாதை நல்ல பாதை. உம்கேனி ஆறு கடலில் சேரும் புளூ லகூனிலிருந்து தெற்கே துறைமுக வாய் வரை ஏறத்தாழ 8 கிலோமீட்டர். 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்காகப் பெரிய அளவில் சீரமைத்தார்கள். 2019 இறுதியில் துறைமுகத்தை ஒட்டிய பாயிண்ட் பகுதிப் பக்கம் துறைமுக வாய் வரைக்கும் நீட்டினார்கள். விடிகாலையில் போனால் ஓடுகிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், தூண்டில் போடும் தாத்தாக்கள், பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் ஆயாக்கள் என்று எல்லா இனத்தவரையும் ஒரே பாதையில் பார்க்கலாம். என் வயதுக்காரர்களுக்கு அது சாதாரணக் காட்சி இல்லை.

என் அம்மா பிறந்தது மேகசின் பாரக்ஸில். டர்பன் நகராட்சியில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்களுக்காகச் சோம்ட்சூ சாலையில் இருந்த குடியிருப்பு அது. தமிழும் தெலுங்கும்தான் அங்கே பேச்சு. நகரத்தின் தெருக்களைக் கூட்டிக் குப்பை அள்ளியவர்களின் வீடுகள். கடல் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். காற்று கடலிலிருந்து அடிக்கும் ராத்திரிகளில் படுத்துக்கொண்டே அலைச் சத்தம் கேட்பார்களாம். ஒவ்வோர் இனத்தாரும் தனித்தனிப் பகுதியில்தான் குடியிருக்க வேண்டும் என்று 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, 1960களில் அந்த மக்களை அப்படியே பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து போட்டார்கள். இங்கிருந்து டர்பன் கடற்கரைக்குச் சாலை வழியே சுமார் 20 கிலோமீட்டர். கடற்கரையும் இனவாரியாகப் பிரிந்து கிடந்தது. நல்ல இடமெல்லாம் வெள்ளையருக்கு, எங்களுக்கென்று தனியே ஒரு துண்டுக் கரை. எந்தக் கரை எந்த இனத்தாருக்கு என்று எழுதிய பலகைகள் நான் பள்ளிக்கூடம் போன 1980களிலும் நின்றன. பொது இடங்களைப் பிரித்து வைத்த 1953ஆம் ஆண்டுச் சட்டம் 1990இல்தான் நீங்கியது.

பலகைகள் போய்விட்டன. சாட்ஸ்வொர்த் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கடலோரப் பாதையை எல்லோருக்கும் ஆக்குவது பற்றிப் பேசும்போது நான் திரும்பத் திரும்ப இங்கே வந்து நிற்பது அதனால்தான்.

கார் இல்லாதவர் ஞாயிற்றுக்கிழமை இங்கிருந்து எப்படிப் போவார்? மினிபஸ் டாக்ஸி பிடித்து நகரத்துக்குப் போக வேண்டும். டாக்ஸி இறக்கிவிடும் வார்விக் சந்திப்பிலிருந்து கடல் இன்னும் இரண்டு மூன்று கிலோமீட்டர். அங்கே இன்னொரு வண்டி, இல்லாவிட்டால் நடை. திரும்பி வரவும் அதேதான். நாலு பேர் குடும்பத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், மாதம் ஒரு தடவை போவதே அதிகம் என்று தோன்றிவிடும். அம்மாவுக்கு இப்போது தூரம் நடக்க முடியாது, சக்கர நாற்காலி வேண்டும். டாக்ஸியில் அதை வைக்க இடமே இல்லை.

ஆகவே ஒரே ஒரு மேம்பாடு கேட்கலாம் என்றால், சனி ஞாயிறு காலையில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், உம்லாசி, குவாமாஷு ஆகிய நான்கு இடங்களிலிருந்தும் கடற்கரைக்கு நேரடிப் பேருந்து விடுங்கள் என்றுதான் கேட்பேன். படி ஏறத் தேவையில்லாத, தாழ்ந்த தளம் உள்ள பேருந்தாக இருக்க வேண்டும். இந்த நான்கு ஊர்களும் கறுப்பரையும் இந்தியரையும் நகரத்துக்கு வெளியே தள்ளி வைத்த காலத்தில் உருவானவை. நடைபாதையில் புதிதாக ஒரு கல் பதிப்பதற்கு முன்னால் இது நடக்க வேண்டும்.

சரி, பாதைக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே தடுப்பது பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான். பலமாகக் காற்றடித்த மறுநாள் சாய்தளங்களில் மணல் மேடாகிக் கிடக்கும். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் அரை அங்குல மணலில்கூடச் சிக்கிக்கொள்ளும். புதிய சாய்தளம் கட்டுவதைவிட, இருப்பதைத் தினமும் காலையில் கூட்டிவிட ஓர் ஆள் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். முதுகு சாய்க்கிற மாதிரி பெஞ்சு வேண்டும், பக்கத்தில் நிழலும் வேண்டும். டிசம்பர் வெயிலில் கான்கிரீட் திண்டில் வயதானவர்களால் பத்து நிமிடம்கூட உட்கார முடியாது.

இதையெல்லாம்விட முக்கியம் கழிவறை. கடற்கரைக்குப் போகிற நாளில் அம்மா காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். "வேணாம்பா, அப்புறம் எங்கே போறது?" என்பார். சர்க்கரை நோய் உள்ளவர், வெயிலில் நாக்கு வறண்டு உட்கார்ந்திருப்பார். சக்கர நாற்காலி நுழையும் கழிவறை பூட்டிக் கிடக்கும், சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து அலைவதற்குள் வீட்டுக்கே போய்விடலாம் என்று ஆகிவிடும். இது பல தடவை நடந்திருக்கிறது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள், என் அம்மா மாதிரிப் பெரியவர்கள், இவர்கள் பாதையில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அடுத்த கழிவறைதான் முடிவு செய்கிறது. கிலோமீட்டருக்கு ஒன்றாவது நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும்.

டர்பனைத் தாண்டி வடக்கே போனால் சிக்கல் வேறு மாதிரி. அங்கே கடலோரமாக வேலி போட்ட பெரிய குடியிருப்பு வளாகங்கள் வந்துவிட்டன. ஒரு தடவை அப்படி ஓர் இடத்தில் கரைக்கு இறங்க வழி கேட்டேன். வாயிற்காவலர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் உள்ளே இருப்பவர் யாராவது அழைத்தால் மட்டுமே விட முடியும் என்றார். மணலில் நடக்கத் தடையில்லை, மணலுக்குப் போகும் வழிக்குத்தான் தடை. பலகை நின்ற காலம் பார்த்தவனுக்கு அந்த வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது, இது பலருக்குத் தெரிவதில்லை. 2008ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கடலோர மேலாண்மைச் சட்டம் (எண் 24) கரையையும் கடலையும் பொதுச் சொத்து என்கிறது. நியாயமான அளவில் அங்கே போய்வர யாருக்கும் உரிமை உண்டு என்கிறது 13ஆம் பிரிவு. அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் நுழைவுக் கட்டணம் வாங்கக்கூடாது. 18ஆம் பிரிவின்படி, கரைக்குப் போகும் வழிகளை நகராட்சியே துணைவிதி போட்டுக் குறித்து ஒதுக்க வேண்டும், அதற்கு நான்கு ஆண்டுக் கெடுவும் வைத்தார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2009 டிசம்பரில். 20ஆம் பிரிவு இன்னும் கொஞ்சம் இறங்கி, அந்த வழிகளுக்குப் பெயர்ப்பலகை வைப்பதும், முடிந்த அளவுக்கு வண்டி நிறுத்துமிடம், கழிவறை, மரப்பாலப் பாதை அமைப்பதும் நகராட்சியின் பொறுப்பு என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் தேவையை மனத்தில் வைத்துச் செய்ய வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. வளாகக்காரரோடு வாசலில் சண்டை போடுவதைவிட, எங்கள் பகுதியில் எந்தெந்த வழிகளைக் குறித்திருக்கிறீர்கள், வரைபடத்தைக் காட்டுங்கள் என்று நகராட்சிக்கு எழுதிக் கேட்பது பலன் தரும்.

மணற்குன்றுகளை வெட்டிக் கான்கிரீட் ஊற்றிப் பாதை போடுவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். 2007 மார்ச்சில் பேரலைகள் வந்தபோது இந்தக் கரை நெடுக, கடலுக்கு மிக அருகில் கட்டியவைதான் உடைந்து விழுந்தன. குன்றின் செடிகொடிகளுக்கு மேலே தூக்கிக் கட்டிய மரப்பாதை போதும், உடைந்தாலும் திரும்பப் போடலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்து கடலில் இறங்கவே விடாமல் கரைகளை மூடியதும் நினைவிருக்கும். தாத்தாவின் அஸ்தியைக் கரைத்த புளூ லகூனில் அப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். ஆறு சுத்தமாக இல்லாவிட்டால் பாதை இருந்து பயனில்லை.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால், ஐடிபி கூட்டத்துக்குப் போங்கள். நகராட்சியின் வளர்ச்சித் திட்டத்தைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அது, வார்டு கவுன்சிலரைக் கேட்டால் தேதி தெரியும். பொதுவாகப் பேசாமல் எந்தச் சாய்தளம், எந்தக் கழிவறை, எத்தனை மணிக்குப் பூட்டியிருந்தது என்று தாளில் எழுதிக் கொடுங்கள். சென்ற முறை நான் பேருந்தைப் பற்றிப் பேசினேன், குறித்துக்கொண்டார்கள். இந்த முறை அம்மாவும் வருகிறார். கழிவறையைப் பற்றித் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.