தபாலில் வராத பாஸ்போர்ட், கைக்கு எட்டாத கிரீன் கார்டு: கேள்வி பதில்

அஞ்சல் துறையில் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கமும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாஸ்போர்ட்டோ வெளிநாட்டு அனுமதிக் காகிதங்களோ தபாலில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன். கேட்கும்போது டிராக்கிங்கில் கடைசியாக வந்த வரியையும் சேர்த்து எழுதுங்கள். அது தெரிந்தால்தான் உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.

ஓசூரிலிருந்து: சார், நானும் மனைவியும் பெங்களூரில் வேலை. காலையில் கிளம்பினால் இரவுதான் வீடு. பாஸ்போர்ட் அனுப்பிவிட்டதாக மெசேஜ் வந்து இரண்டு வாரம் ஆகிறது. டிராக்கிங்கில் 'டோர் லாக்டு' என்று வந்தது, இப்போது 'ரிட்டர்ன்' என்று இருக்கிறது. தொலைந்துவிட்டதா?

தொலையவில்லை. அனுப்பிய பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது.

தபால்காரர் காலையில் தபாலைப் பிரித்து, பீட் (ஒரு தபால்காரர் சுற்றிவரும் தெருக்கள்) வாரியாக அடுக்கி, உங்கள் தெருவுக்கு வந்து சேர 11, 12 மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் ஓசூரில் உங்களைப் போன்றவர்கள் வீடெல்லாம் பூட்டித்தான் கிடக்கும். பாஸ்போர்ட் கவரைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போக அவருக்கு அனுமதி கிடையாது. அஞ்சலகத்துக்குத் திரும்பக் கொண்டுபோய், பொதுவாக 7 நாள் வைத்திருப்பார்கள். யாரும் வரவில்லை என்றால் வந்த இடத்துக்கே அனுப்பிவிடுவார்கள்.

'டோர் லாக்டு' என்று வந்த அன்றைக்கே, அல்லது மறுநாள் ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டாவது, ஆதாரோடு டெலிவரி அஞ்சலகத்துக்குப் போயிருந்தால் வேலை முடிந்திருக்கும். டெலிவரி அஞ்சலகம் என்பது உங்கள் பின்கோடுக்குத் தபால் பட்டுவாடா செய்கிற அஞ்சலகம். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அஞ்சலகமே அதுவாக இருக்க வேண்டும் என்றில்லை. எது என்று தெரியாவிட்டால் டிராக்கிங்கில் கடைசியாக வந்த அலுவலகத்தின் பெயரைப் பாருங்கள். ஸ்பீட் போஸ்ட் எண் மொத்தம் 13 இடம்: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது எண், கடைசியில் 'ஐ', 'என்' (IN) என்ற இரண்டு எழுத்து. அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே தேடுவது சுலபம்.

இப்போது திரும்பிவிட்டதால் பாஸ்போர்ட் சேவையின் 1800-258-1800 எண்ணில் கோப்பு எண்ணைச் சொல்லி, எந்த அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது என்று கேளுங்கள். நேரில் வரச் சொன்னால் அசல் அடையாள அட்டையோடு போங்கள். மறுபடி தபாலில் அனுப்பச் சொல்லப் போகிறீர்கள் என்றால், அந்த வாரம் பகலில் வீட்டில் இருக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

எல்லாருக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். பாஸ்போர்ட் எங்கே நிற்கிறது என்று தெரியாமல், அவசரப்பட்டு 'தொலைந்துவிட்டது' என்று யாரிடமும் எழுதிக் கொடுக்காதீர்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த எண் தொலைந்த பாஸ்போர்ட்டுகளின் பட்டியலில் ஏறிவிடும். நாளைக்கே தபால்காரர் கொண்டுவந்து கையில் கொடுத்தாலும் அதை வைத்துப் பயணம் செய்ய முடியாது. அப்புறம் காவல் நிலைய அறிக்கை, 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய்க்குப் பதில் 3,000 ரூபாய், மறுபடியும் விசாரணை என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பாலக்கோட்டிலிருந்து: மகள் குடும்ப விசாவில் அமெரிக்கா போய் மூன்று மாதம் ஆகப் போகிறது ஐயா. கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. தபாலில் போய்விட்டது என்று மருமகன் சொல்கிறார். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

அம்மா, மகளை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அவர் பாஸ்போர்ட்டில் ஒட்டிய குடியேற்ற விசாவும், விமான நிலையத்தில் அதன்மேல் குத்திய முத்திரையும் சேர்ந்து, நுழைந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்கு கிரீன் கார்டுக்குச் சமம். வேலைக்குச் சேரலாம், ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பியும் போகலாம்.

மருமகனிடம் ஒன்று கேளுங்கள்: குடியேற்றக் கட்டணம் கட்டியாகிவிட்டதா? விசா நேர்காணலுக்குக் கட்டிய பணம் வேறு, இது வேறு. அமெரிக்கக் குடியுரிமை மற்றும் குடிவரவுத் துறைக்கு ஆன்லைனில் தனியாகக் கட்டுவது. 2024 ஏப்ரலில் இருந்து 235 டாலர். அதைக் கட்டாவிட்டால் கார்டை அச்சடிக்கவே மாட்டார்கள். தபாலில் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும் கார்டு பல நேரம் இன்னும் அச்சாகவே இல்லை. கட்டியிருந்தாலும், நுழைந்த நாள், கட்டிய நாள் இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 90 நாள் வரை ஆகலாம்.

அங்கே வீடு மாறினார்களா என்றும் கேளுங்கள். மாறினால் 10 நாளுக்குள் அந்தத் துறைக்குப் புது முகவரியைச் சொல்ல வேண்டும். அஞ்சலகத்தில் மட்டும் முகவரி மாற்றம் எழுதிக் கொடுத்தால் போதாது, இந்தக் கவர்களைப் புது வீட்டுக்குத் திருப்பி விடாமல் அனுப்பியவருக்கே அனுப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பிய கார்டு 60 வேலை நாள்தான் இருக்கும். அதற்குள் யாரும் கேட்காவிட்டால் அழித்துவிடுவோம் என்று 2018-லேயே அறிவித்திருக்கிறார்கள். அதனால் இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, தபால் பெட்டியில் மருமகன் பெயர் மட்டும் இருந்தால் மகள் பெயரையும் ஒட்டச் சொல்லுங்கள். பெட்டியில் இல்லாத பெயருக்கு வரும் கவரைத் திருப்பிக் கொண்டுபோகிற தபால்காரர்கள் அங்கே உண்டு.

அரூரிலிருந்து: பாஸ்போர்ட் 'ரிட்டர்ன்' என்று காட்டுகிறது, என்ன செய்வது?

ஓசூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: என் ஆதாரில் இன்னும் 'தர்மபுரி மாவட்டம்' என்று இருக்கிறது. அதனால்தான் பாஸ்போர்ட் அலைகிறதா?

கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி. அதற்கு முந்தைய பத்திரம், பள்ளிச் சான்று எல்லாவற்றிலும் தர்மபுரி என்றுதான் இருக்கும். அதைப் பார்த்து எழுதிய ஆதாரிலும் அப்படியே வந்திருக்கும். தபால் பிரிக்கிறவர்கள் மாவட்டப் பெயரைப் பார்ப்பதில்லை, பின்கோடைத்தான் பார்ப்பார்கள். பின்கோடு சரியென்றால் மாவட்டம் தப்பாக இருந்தாலும் உங்கள் அஞ்சலகத்துக்கு வந்துவிடும். பின்கோடில் ஓர் எண் மாறினால்தான் வேறு ஊருக்குப் போகும். 635 என்றால் கிருஷ்ணகிரி, 636 என்றால் தர்மபுரி என்று நினைத்து நீங்களாகத் திருத்தாதீர்கள். மொரப்பூர் தர்மபுரி மாவட்டம்தான், ஆனால் அதன் பின்கோடு 635-இல் தொடங்குகிறது.

நம் பக்கத்தில் தபாலை அலைய வைப்பது வேறு. ஹள்ளி என்று முடியும் ஊர்கள் எத்தனை! ஒரே ஊரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். பின்கோடும் மங்கலாக அச்சாகியிருந்தால் கவர் பக்கத்து ஹள்ளிக்குப் போய்விடும். கதவு எண் பழையதும் புதியதும் குழம்பும். விண்ணப்பத்தில் தெருவை எழுதும்போது கோயில், பள்ளி, பால் சொசைட்டி என்று ஓர் அடையாளம் சேருங்கள், ஓடுகிற செல்போன் எண் கொடுங்கள். தபால்காரர் கவரில் இருக்கிற எண்ணுக்குக் கூப்பிட்டுத்தான் பாதி வீடுகளைக் கண்டுபிடிக்கிறார்.

பென்னாகரத்திலிருந்து: டிராக்கிங்கில் 'டெலிவர்டு'. ஆனால் என் கைக்கு வரவில்லை. விசாரித்தால் கூட்டு வீட்டில் இருக்கும் பெரியப்பாவிடம் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். எங்களுக்குள் நிலத்தகராறு. அவர் வாங்கவே இல்லை என்கிறார்.

பாஸ்போர்ட்டைப் பெயருக்கு உரியவரிடம், அடையாளம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதனால் கேள்வி முதலில் அஞ்சலகத்துக்கு. டெலிவரி அஞ்சலகத்தில் அஞ்சல் அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தேதியில், யார் கையெழுத்தில் கொடுக்கப்பட்டது, அந்தக் கையெழுத்தின் நகல் வேண்டும். நகல் தரத் தயங்கினால் அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள், கூடவே 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். கையெழுத்து பெரியப்பாவுடையது என்று தெரிந்தால் நகலோடு காவல் நிலையம் போங்கள். 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. பங்காளித் தகராறுக்காக ஒருவர் பிடித்து வைக்க முடியாது. பெரும்பாலும் காவல் நிலையத்திலிருந்து ஒரு போன் போனாலே கவர் வெளியே வந்துவிடும்.

ஊத்தங்கரையிலிருந்து: ஐயா, கிராமத்தில் தபால்காரருக்கு எல்லாரையும் தெரியும். அப்பாவிடமோ மாமியாரிடமோ கொடுத்தால் என்ன தப்பு? என் பாஸ்போர்ட்டை மாமனார்தான் வாங்கினார். திருப்பி அனுப்பியிருந்தால் என் விமானமே போயிருக்கும்.

உங்கள் மாமனார் நல்லவர், கவரைப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தார். இதற்கு மேலே இருக்கிற பென்னாகரத்துக்காரரைப் பாருங்கள். தபால்காரர் ஒரு வீட்டுக்குள் நடக்கும் சண்டையை அறிய முடியாது. கணவனிடமிருந்து தப்பி வேலைக்குப் போக நினைக்கிற பெண்ணின் பாஸ்போர்ட்டைக் கணவன் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? அந்தப் பெண்ணுக்காகத்தான் இந்த விதி இருக்க வேண்டும் என்கிறேன்.

தேன்கனிக்கோட்டை பக்கம் கிளை அஞ்சலகத்தில் வேலை பார்ப்பவர்: சார், நீங்கள் சொல்வது சரி. ஆனால் எங்கள் நிலைமையையும் சொல்லுங்கள். பையன் சென்னையில் இருக்கிறான், வீட்டில் அம்மா மட்டும். கொடுக்காமல் திருப்பினால் 'வேணும்னே அனுப்பிட்டான்' என்று ஊரே சண்டைக்கு வருகிறது. கொடுத்தால் மேலிடத்தில் விளக்கம் கேட்கிறார்கள்.

தம்பி, உன் கஷ்டம் எனக்குத் தெரியும். மலைக்கிராமத்தில் வண்டி போகாத இடத்துக்கும் நடந்து கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள், அதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. ஆனாலும் பாஸ்போர்ட்டில் மட்டும் விட்டுக் கொடுக்காதே. பையனுக்குப் போன் போட்டு, 'இத்தனாம் தேதி வரை வைத்திருப்பேன், வந்து வாங்கிக்கொள்' என்று சொல். போன் செய்ததைக் குறித்து வை. ஊர் ஒரு வாரம் திட்டும், மறந்துவிடும். விளக்கக் கடிதத்துக்கு மறதி கிடையாது.

மறுபடியும் ஊத்தங்கரையிலிருந்து: அப்படியென்றால் வெளியூரில் வேலை பார்ப்பவன் பாஸ்போர்ட்டே எடுக்கக் கூடாதா?

எடுக்கலாம். நீங்கள் தங்கியிருக்கும் ஊரின் முகவரியிலேயே விண்ணப்பியுங்கள். சொந்த ஊர் முகவரிதான் கௌரவம் என்று அதைப் போட்டுவிட்டு, போலீஸ் விசாரணைக்கும் ஆள் இல்லை, தபாலுக்கும் ஆள் இல்லை என்றால் யாரைக் குறை சொல்வது? இந்தப் பேச்சை இதோடு விடுவோம், கேள்விகள் நிறைய நிற்கின்றன.

கிருஷ்ணகிரியிலிருந்து: தம்பி லண்டனில். அங்கே தங்குவதற்கான பயோமெட்ரிக் அனுமதி அட்டை தபாலில் வரவில்லை.

இனி வராது. அந்த அட்டைகளின் செல்லுபடிக் காலம் 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்தது, இப்போது அட்டைக்குப் பதில் ஆன்லைனிலேயே இருக்கும் இ-விசா. ஆன்லைன் கணக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பர்கூரிலிருந்து: அண்ணன் கனடாவில் நிரந்தரவாசி அட்டைக்குக் காத்திருந்தார், அவசரமாக ஊருக்கு வந்துவிட்டார். அட்டையை இங்கே அனுப்பச் சொல்லலாமா?

கனடாவுக்கு வெளியே அனுப்ப மாட்டார்கள். திரும்பிப் போக நிரந்தரவாசிப் பயண ஆவணத்துக்கு இங்கிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அட்டையை அனுப்பிய நாளிலிருந்து 180 நாளுக்குள் 'வரவில்லை' என்று சொல்லிவிட வேண்டும். தாண்டினால் புதுக் கட்டணம். அங்கே நண்பர் வீட்டுக்கு வந்திருந்தால் அவரைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

ஓசூரிலிருந்து இன்னொருவர்: அமெரிக்க வேலை விசாவான எச்-1பி-க்கு வந்த ஒப்புதல் கடிதம் (ஐ-797), அதன் அசல் கூரியரில் காணோம். அடுத்த வாரம் சென்னையில் நேர்காணல்.

நேர்காணலுக்குப் போங்கள். ஒப்புதலைத் தூதரகம் தன் கணினியிலேயே பார்க்கும், ரசீது எண்ணும் நகலும் போதும். அசல் பிற்பாடு தேவைப்படலாம், அதனால் கம்பெனி வக்கீலிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

பாப்பாரப்பட்டியிலிருந்து: பாஸ்போர்ட் 'டெலிவர்டு' என்று இருக்கிறது, வரவில்லை.

பென்னாகரத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். கேட்பதற்கு முன் மேலே ஒருமுறை பார்த்துவிடுங்கள், தயவுசெய்து.

தர்மபுரியிலிருந்து: ஒரு ஏஜென்ட் 5,000 ரூபாய் கொடுத்தால் திரும்பிப் போன பாஸ்போர்ட்டை வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

கொடுக்காதீர்கள்.

மாரண்டஹள்ளியிலிருந்து: குவைத் வேலைக்கு அட்டஸ்டேஷன் (சான்று உண்மையானது என்று அரசு முத்திரை) செய்ய டிப்ளமோ அசலை அனுப்பினேன். கூரியர்காரர் 'டிரான்ஸிட்டில் மிஸ்ஸிங்' என்கிறார்.

தனியார் கூரியர் என்றால் அஞ்சல் துறையால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. அவர்களிடம் எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்குங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை பதிவு செய்து, அந்த நகலோடு சான்று கொடுத்த அலுவலகத்தில் இரண்டாம் பிரதி கேளுங்கள். எந்த அசலையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுக்காமல் கவரில் போடாதீர்கள். ஸ்கேன் இருந்தால் பதிவு எண், வருடம் எல்லாம் கையில் இருக்கும், இரண்டாம் பிரதி வாங்குவது பாதி சுலபம்.

சூளகிரியிலிருந்து: ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் லட்சக்கணக்கில் நஷ்டஈடு கேட்கலாமா?

உள்நாட்டு ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால், கட்டிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், எது குறைவோ அது. காப்பீடு செய்து அனுப்பியிருந்தால் கணக்கு வேறு. அந்தத் தொகையை நம்பி எதையும் அனுப்பாதீர்கள்.

காரிமங்கலத்திலிருந்து: ஆஸ்திரேலியா மாணவர் விசா நிராகரித்துவிட்டார்கள், மேல்முறையீடு செய்யலாமா?

இது என் துறை இல்லை. பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகரைக் கேளுங்கள்.

ராயக்கோட்டையிலிருந்து: ஐயா, பாஸ்போர்ட் வந்துகொண்டிருக்கும்போது நடுவழியில் நின்றுவிட்டது. 20 நாளாக ஒரே வரி, 'பேக் டிஸ்பேட்ச்டு' (தபால் பை அனுப்பப்பட்டது). ரிட்டர்னும் இல்லை, டெலிவரியும் இல்லை. தொலைந்தது என்று எப்போதுதான் எழுதிக் கொடுக்கலாம்?

உங்கள் விஷயத்தில்தான் உண்மையிலேயே தொலைந்திருக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனாலும் வரிசையாகப் போவோம். இன்றைக்கே அஞ்சல் துறையின் 1800-266-6868 எண்ணில் அல்லது இணையத்தில் புகார் பதிவு செய்து எண் வாங்குங்கள். பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் அதே எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கவரை அனுப்பியவர்கள் அவர்கள், தேடச் சொல்லி அவர்களும் கேட்டால் வேகம் கூடும். எந்தப் பையில் ஏறியது, அந்தப் பை அடுத்த அலுவலகத்தில் திறக்கப்பட்டபோது கவர் உள்ளே இருந்ததா என்று பட்டியலை வைத்துப் பார்ப்பார்கள். பிரிக்கும்போது ஸ்கேன் தவறி, கவர் மட்டும் வேறு அஞ்சலகத்தில் கிடப்பதும் உண்டு. அதனால் உங்கள் டெலிவரி அஞ்சலகத்திலும் நேரில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று அஞ்சல் துறை எழுத்தில் பதில் தந்த பிறகு, அந்தக் கடிதத்தோடு பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் கைக்கே வராத பாஸ்போர்ட் அது, நீங்கள் தொலைத்ததாக எங்கும் எழுதாதீர்கள். 'பட்டுவாடா ஆகவில்லை' என்று எழுதுங்கள். அடுத்து என்ன விண்ணப்பம், என்ன கட்டணம் என்பதை அவர்கள் சொல்வார்கள். அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு, மற்றதை மட்டும் கொடுங்கள்.